பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

தஞ்சாவூரில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வல்லம் தாண்டியதும் என் பழைய மாருதி 800-இன் ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி மங்க ஆரம்பித்தது. ஹாரனை அழுத்தினால் சளி பிடித்த ஆடு போலக் கத்தியது. டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. எவ்வளவு நேரமாக எரிகிறது என்று நான் கவனித்திருக்கவில்லை. ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்து, முன்னால் போன லாரியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை வண்டி மூச்சே விடவில்லை.

கடையில் காட்டினேன். “பேட்டரி போயிடுச்சு மேடம்” என்றார்கள். நாலாயிரம் ரூபாய்க்குக் கிட்ட ஆனது. புது பேட்டரி போட்ட நாலாம் நாள் அதே கதை.

நான் முப்பது வருடம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். மின்காந்தத் தூண்டலை ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார் என்று வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதியவள். அந்தத் தத்துவம் என் கார் பானெட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பதை மறந்துபோனதற்குத்தான் அந்த நாலாயிரம் அபராதம்.

விஷயம் எளிது. பேட்டரி என்பது மாடித் தொட்டி. ஆல்டர்னேட்டர் என்பது மோட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்ய மட்டுமே தொட்டித் தண்ணீர். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் விளக்கு, வைப்பர், ஹாரன், எஞ்சினுக்கான மின்சாரம் எல்லாவற்றையும் ஆல்டர்னேட்டர் கொடுத்து, தொட்டியையும் நிரப்பி வைக்கும். மோட்டார் ஓடாதபோது தொட்டியை மாற்றி என்ன பயன்? புதுத் தொட்டியும் நாலு நாளில் காலி.

என்னிடம் பிளஸ் டூ படித்த பையன் ஒருவன் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். போன் செய்தேன். “டீச்சர், டைனமோவா இருக்கும். மீட்டர் இருக்கா?” என்றான். பட்டறைகளில் இன்னமும் ஆல்டர்னேட்டருக்கு டைனமோ என்றுதான் பெயர். மல்டிமீட்டர் இருந்தது, லேப்பில் பழகிய கை. பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தேன். எஞ்சின் ஓடாதபோது 12.2 வோல்ட். நல்ல நிலையில், முழுக்க ஏறிய பேட்டரி 12.6 காட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டால் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். என் வண்டியில் 12.0 காட்டி, பார்க்கப் பார்க்க இறங்கியது. குற்றவாளி யாரென்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்த பிறகுதான் யாரும் பேட்டரி வாங்க வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் அதுவும் நோய்தான்: வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மீட்டர் இல்லாதவர்கள் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். நிஜமாகவே டைனமோ இருந்த பழைய காலத்து வைத்தியம் அது. இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் ஒரே கணத்தில் எகிறி, ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் எஞ்சின் கம்ப்யூட்டரையும் காவு வாங்கிவிடக்கூடும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

“வண்டியை இங்க எடுத்துட்டு வர்றீங்களா டீச்சர்?” என்று கேட்டான். “இல்லப்பா, நானே கழற்றிப் பார்க்கிறேன். மாட்டிக்கிட்டேன்னா கூப்பிடுறேன்” என்றேன். சிரித்தான். அவன் சிரித்த பிறகு பின்வாங்க முடியாது.

முதல் நாள் இரவே போல்ட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்தேன். காலையில் எஞ்சின் ஆறிய நிலையில், கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். வளையல், மோதிரம் கழற்றினேன். பிறகு பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றினேன். இதுதான் உயிரான படி. ஆல்டர்னேட்டரின் முதுகில் உள்ள தடித்த வயர் நேரே பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து வருகிறது. சாவியை அணைத்திருந்தாலும் அதில் மின்சாரம் நிற்காது. வண்டியின் பாடி முழுக்க மைனஸ். ஸ்பேனர் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் பொறி பறந்து, கையும் வெந்துபோகும்.

மீதி வேலை மூன்று படிகள். அட்ஜஸ்டிங் போல்ட்டைத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் தொய்ந்து கழன்றுவிடும். பிறகு தடித்த வயரின் நட்டு, பக்கத்தில் உள்ள கப்ளர். கடைசியில் தாங்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். 10, 12, 14 நம்பர் ஸ்பேனர்கள் போதுமாக இருந்தன. ஒரு போல்ட் மட்டும் அரை மணி நேரம் அடம்பிடித்தது. ஆல்டர்னேட்டர் கைக்கு வந்தபோது, நிறைமாதப் பூசணிக்காய் போலக் கனத்தது.

பழைய செய்தித்தாளை விரித்து, ஆல்டர்னேட்டரைப் பிரித்தேன். முப்பது வருடம் நான் நடத்திய பாடம் மொத்தமும் அந்தத் தாளில் கிடந்தது. சைக்கிள் டைனமோவில் நிரந்தரக் காந்தம் சுற்றும். இங்கே சுற்றுவது மின்காந்தம். அதற்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுக்க இரண்டு கார்பன் பிரஷ்கள், இரண்டு செப்பு வளையங்களை உரசிக்கொண்டு நிற்கும். சுற்றியுள்ள அசையாத கம்பிச் சுருளில் மூன்று கட்ட மாறுமின்னோட்டம் பிறக்கும். ஆறு டயோடுகள் அதை நேர்மின்னோட்டமாக்கி பேட்டரிக்கு அனுப்பும். பழைய அம்பாசடர் காலத்து டைனமோவில் மொத்த மின்சாரமும் பிரஷ் வழியாகத்தான் வர வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏறாது. சிலிக்கான் டயோடு வந்த பிறகுதான், 1960-களில், ஆல்டர்னேட்டர் கார்களில் பரவியது.

என் வண்டியின் பிரஷ் இரண்டும் தேய்ந்து, பள்ளிக்கூடத்தில் கடைசி வரை பிடித்து எழுதிய சாக்பீஸ் துண்டு போல மொட்டையாகியிருந்தன. பிரஷ் மட்டும் என்றால் சில நூறு ரூபாயில் மாற்றியிருப்பேன். ஆனால் செப்பு வளையத்தில் நகம் பதியும் அளவுக்குப் பள்ளம். பேரிங்கைச் சுற்றினால் அம்மிக்கல் அரைக்கும் சத்தம். மாணவனிடம் படம் அனுப்பினேன். “மாத்திடுங்க டீச்சர். இதுக்கு மேல செலவு பண்ணா தண்டம்” என்றான்.

திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில், பழசைக் கொடுத்துக் கழித்துக்கொண்டு புதுசு வாங்கினேன். பழசைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. போல்ட் மாட்டும் காதுகளின் இடைவெளி, புல்லியின் பள்ளம், கப்ளரின் பின்கள், மேலே பொறித்திருக்கும் ஆம்பியர் அளவு ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்ததில் கப்ளர் வேறாக இருந்தது.

கழற்றியதைத் தலைகீழ் வரிசையில் மாட்டினால் போதும். பேட்டரி மைனஸ் கடைசி. பெல்ட்டை இழுத்துக் கட்டுவதில்தான் நிதானம் வேண்டும். இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை அமுங்கலாம். தொய்வாக இருந்தால் கீச்சிடும், சார்ஜ் ஏறாது. விறைப்பாக இருந்தால் புது பேரிங்கையே தின்றுவிடும். என் வண்டியில் தண்ணீர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். அறுந்தால் சார்ஜ் மட்டுமல்ல, எஞ்சினும் சூடேறிப் போய்விடும். அதனால் விரிசல் கண்டிருந்த பெல்ட்டையும் மாற்றினேன். பட்டறையில் முக்கால் மணி நேர வேலை, எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. ஸ்டார்ட் செய்து மீட்டரை வைத்தேன். 14.2. ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டேன். 13.9. உடனே மாணவனுக்குத்தான் போன் செய்தேன்.

எல்லோரும் எல்லா வண்டியிலும் இதைச் செய்யலாம் என்று சொல்லமாட்டேன். புதிய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் எஞ்சின் கம்ப்யூட்டரின் பேச்சைக் கேட்டு நடக்கிறது. மைல்டு ஹைப்ரிட் வண்டிகளில் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் ஒரே எந்திரம். முழு ஹைப்ரிட், மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிற கேபிள்கள் உயிரைக் குடிக்கும் வோல்டேஜைச் சுமப்பவை; அவற்றின் பக்கமே போகக் கூடாது. பானெட்டைத் திறந்து ஆல்டர்னேட்டர் கண்ணுக்குத் தெரியாவிட்டால், பட்டறைக்கே கொண்டுபோங்கள்.

ஆனால் ஒன்றை எல்லோரும் செய்யலாம். சாவியைத் திருப்பும்போது பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. முதலில் எரியவே இல்லை என்றாலும் நிம்மதியடையாதீர்கள்: பல பழைய வண்டிகளில் மின்காந்தத்துக்கான முதல் மின்சாரம் அந்தக் குட்டி பல்ப் வழியாகத்தான் போகிறது. பல்ப் ஃபியூஸ் ஆனால் நல்ல ஆல்டர்னேட்டரும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கலாம். நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது அந்தச் சிவப்பு விளக்கை ஒரு கணம் பாருங்கள். வல்லத்துக்கு முன்பே நான் அதைப் பார்த்திருந்தால், நாலாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்.