உறக்கமும் மருத்துவரும்

பசியையும் தாகத்தையும் உடலின் தேவைகள் என்று ஒப்புக்கொள்கிறோம். உறக்கத்தை மட்டும் சோம்பலின் உறவாக எண்ணுகிறோம். இவ்வெண்ணம் மருத்துவப் பயிற்சியில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது.

அமெரிக்காவில் 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் ஒரு பயிற்சி முறையை வகுத்தார். பயில்வோர் மருத்துவமனையிலேயே குடியிருந்து, இரவு பகலாக நோயாளிகளைக் கவனித்தனர். அங்கேயே உறைபவர் என்ற பொருளுடைய 'ரெசிடென்ட்' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. கண் விழித்துப் பணி செய்வது கடமையுணர்ச்சிக்கு அடையாளமாகப் போற்றப்பட்டது.

1984 மார்ச்சு மாதம் நியூயார்க் நகரில், 18 வயது மாணவி ஒருத்தி காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுச் சில மணி நேரத்தில் இறந்தாள். அவளைக் கவனித்தவர்கள் நெடுநேரப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர்கள். இறப்பின் காரணம் குறித்து வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. ஆயினும், உறங்காதவரிடம் உயிரை ஒப்படைக்கலாமா என்ற வினா ஓயவில்லை. 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்திற்கு 80 மணி, தொடர்ந்து 24 மணி என வரம்பு கட்டியது. 2003-இல் 80 மணி வரம்பு அந்நாடு முழுவதற்கும் விதியாயிற்று.

களைத்தவர் தாமே ஓய்வு கேட்கலாமே, விதி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இங்கேதான் உறக்கத்தின் சூழ்ச்சி இருக்கிறது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு சாராயம் கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கண்டனர். குடித்தவர் தம் தள்ளாட்டத்தை அறியாததுபோல், உறக்கம் கெட்டவரும் தம் தடுமாற்றத்தைச் சரிவர உணர்வதில்லை. ஆதலின் அவர் மனத்துணிவை நம்பாமல் கடிகாரத்தை நம்புவதே முறை. 2004-இல் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வில், பழைய நீண்ட பணிமுறையில் கடுமையான தவறுகள் 36 விழுக்காடு மிகுதியாக நேர்ந்தன.

இதற்கு ஒரு தடையும் உண்டு. பணி மாறும்போதெல்லாம் நோயாளி புதியவர் கைக்குப் போகிறார். சொல்ல மறந்த ஒரு செய்தியும் தீங்கு செய்யும். இத்தடையை நான் புறக்கணிக்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து உறக்கத்தைப் பறிப்பதன்று. ஒப்படைப்பைச் செம்மை செய்வதேயாகும். ஒன்பது மருத்துவமனைகளில் குழந்தை மருத்துவப் பயிற்சியாளர்க்கு ஒழுங்கான ஒப்படைப்பு முறை கற்பித்தபோது, தவறுகள் 23 விழுக்காடு குறைந்தன என்று 2014-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

மருத்துவருக்கு உறக்கம் தருவது அவருக்குச் செய்யும் சலுகை மட்டுமன்று என்பதே என் கருத்து. அதன் பயன் நோயாளியையே சென்று சேர்கிறது.