அஞ்சறைப் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்குப் போனால் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்த எல்லைக்கோடு எங்கள் குடும்பத்தின் நடுவிலும் விழுந்தது. பெரியம்மா மார்த்தாண்டத்தில் வாழ்க்கைப்பட்டார். அம்மா பாறசாலைப் பக்கம் வந்து சேர்ந்தார்.

இருவரும் சிறுவயதில் தமிழ் படித்தவர்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி வந்தார்கள். இப்போது பெரியம்மாவுக்குக் காது கேட்பதில்லை என்பதால் தொலைபேசியால் பயனில்லை. அம்மாவுக்குக் கை நடுக்கம். பேனா பிடித்தால் எழுத்துக் கோணிப் போகிறது. என் மகளோ மலையாளப் பள்ளியில் படிப்பவள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. ஆக, கடிதம் நின்று போயிற்று. இதற்கு ஒரு வழி தேடப் போய்த்தான் கம்ப்யூட்டர் செய்யும் வேலையில் இறங்கினேன்.

கம்ப்யூட்டர் செய்வதாவது என்று அன்பர்கள் சிரிக்க வேண்டாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஈபன் அப்டன் முதலானோர், பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதக் கற்க வேண்டும் என்பதற்காகவே 'ராஸ்பெரி பை' என்ற சிறு கம்ப்யூட்டர் பலகையை உருவாக்கினார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று அது விற்பனைக்கு வந்தது. எட்டரை சென்டிமீட்டர் நீளம், ஐந்தரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலம், உள்ளங்கையில் அடங்கிவிடும். நான் வாங்கியது 2016-ல் வெளிவந்த மூன்றாம் வகை. அறிவிக்கப்பட்ட விலை 35 டாலர். திரையாக வீட்டுத் தொலைக்காட்சியே போதும். கீபோர்டும் மௌஸும் தனியாக வாங்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் கிடையாது. விரல் நகம் போன்ற மெமரி கார்டில்தான் எல்லாம் இருக்கும்.

பலகை வெறுமையாக வருவதால் அதற்கு ஒரு பெட்டி வேண்டும். முதலில் ஓர் எவர்சில்வர் சம்படத்தில் வைத்தேன். அது இரண்டு வகையில் தவறாயிற்று. பலகையின் அடியில் ஈயப்பற்று முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். உலோகத்தில் பட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். அடியில் அட்டை போட்டு அதைச் சமாளித்தேன். ஆனால் மூடியை மூடியதும் வைஃபை நின்றுவிட்டது. உலோகம் ரேடியோ அலைகளைத் தடுக்கும் என்பதைப் பள்ளியில் படித்து மறந்திருந்தேன்.

அப்போதுதான் பரண் மேல் கிடந்த பழைய அஞ்சறைப் பெட்டி நினைவுக்கு வந்தது. பலாமரத்தில் செய்தது, அம்மாவின் சீதனப் பொருள். மரம் மின்சாரம் கடத்தாது, அலைகளையும் பெரிதாகத் தடுக்காது. துடைத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். பெரிய அறையில் நான்கு சிறு திருகாணிகளால் பலகையை அடியில் ஒட்டாமல் உயர்த்திப் பொருத்தினேன். வெப்பம் 80 டிகிரியைத் தொட்டால் இந்தப் பலகை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகையால் பக்கவாட்டில் காற்றுத் துளைகள் இட்டேன். இரண்டாவது அறையில் சிறு ஸ்பீக்கர், மூன்றாவதில் வயர்கள், நான்காவதில் மாற்று மெமரி கார்டுகள்.

அம்மா எட்டிப் பார்த்து, "மக்களே, மல்லி இருந்த எடத்துல என்னத்த வைக்கப் போற?" என்று கேட்டார். ஐந்தாவது அறையை அவருக்கே விட்டுவிட்டேன். எறும்பு வராது என்று சொல்லி அதில் கிராம்பு போட்டு வைத்திருக்கிறார்.

தொடங்கிய முதல் நாளே திரையின் மூலையில் மின்னல் போன்ற ஒரு குறி தோன்றித் தோன்றி மறைந்தது. மின்னழுத்தம் போதவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது. பழைய செல்போன் சார்ஜரையும் மெல்லிய வயரையும் மாற்றி, 5 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் சார்ஜரைப் போட்டதும் குறி போய்விட்டது. மழைக்காலத்தில் திடீரெனக் கரண்ட் போனால் மெமரி கார்டில் உள்ளது கெட்டுவிடவும் கூடும். மாற்று கார்டுகளில் நகல் எடுத்து வைத்திருப்பது அதற்காகத்தான்.

கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸ் வழியே கம்ப்யூட்டர் கற்பிப்பதால், என் மகளுக்கு இதைப் பழகச் சிரமமே இருக்கவில்லை. ஆனால் தமிழ்ப் பக்கங்களைத் திறந்தபோது வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. லோகித் தமிழ் எழுத்துருவைச் சேர்த்ததும் எழுத்துகள் வந்தன. தட்டச்சுக்குத் 'தமிழ்99' விசைப்பலகையை அமைத்தேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும்.

அம்மா சொல்லச் சொல்ல மகள் விசைகளைத் தேடித் தேடித் தட்டினாள். 'கங்கை' என்ற சொல் வந்ததும் நின்றுவிட்டாள். மலையாளத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள், இங்கே ஒன்றுதான். "இரண்டாவது 'க'வுக்கு எந்த விசை, பாட்டி?" என்று கேட்டாள். மெல்லினத்தை அடுத்து வந்தால் அதே எழுத்துதான் மென்மையாக ஒலிக்கும் என்று அம்மா சொல்லிக்கொடுத்தார். எட்டு வரிக் கடிதத்துக்கு அன்று இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் கற்ற தமிழை, நான் இத்தனை ஆண்டுகளில் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை.

பென் டிரைவில் எடுத்துப்போய்க் களியக்காவிளைக் கடை ஒன்றில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தபாலில் சேர்த்தோம். பத்து நாளில் பெரியம்மாவின் பதில் வந்தது. எழுத்து அழகாக இருக்கிறது, ஆனால் தங்கையின் கை அதில் இல்லையே என்று குறைப்பட்டிருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அம்மா நடுங்கும் கையால் தம் பெயரை எழுதுகிறார். அதன் கீழே பேத்தியும் தன் பெயரைப் பேனாவால் தமிழில் எழுதுகிறாள்.

எல்லைக்கு இப்பால் உள்ள அன்பர்கள் வீட்டிலும் பரண் மேல் ஓர் அஞ்சறைப் பெட்டி கிடக்கலாம். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளையும் இருக்கலாம். இரண்டையும் ஒரு விடுமுறை நாளில் பாட்டியின் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.