தோல்நோய், புற்றுநோய்க் கலைச்சொற்களில் பொருட்பரப்பும் பொருள்மயக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் தோல்நோய்ப் பெயர்கள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகும் உருவத்தை அடிப்படையாகக் கொண்டவை. தற்கால மருத்துவப் பெயர்களோ நோய்க்காரணத்தையும் உயிரணுவையும் அடிப்படையாகக் கொண்டவை. இவ்விரு பெயரிடுமுறைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரே சொல் வெவ்வேறு நோய்நிலைகளைச் சுட்ட நேர்கிறது. குட்டம், படை, புற்று, கட்டி, பரவுதல் ஆகிய சொற்களின் பொருட்பரப்பை ஆராய்ந்து, சொல்மயக்கம் நோயாளரைத் தாக்கும் முறையையும் அதைக் களையும் வழியையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல், பொருட்பரப்பு, குட்டம், வெண்புள்ளி, புற்று, தொற்று, இடம்பெயர்வு.

முன்னுரை

மருத்துவக் கலைச்சொல்லாக்கம் என்றவுடன் புதுச்சொல் படைத்தலே முதலில் நினைவுக்கு வருகிறது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ்வழி மருத்துவம் கற்பித்து, ‘இரணவைத்தியம்’ முதலிய நூல்களை வெளியிட்டபோது அவர் எதிர்கொண்டது சொல்லின்மை என்னும் சிக்கலாகும். தோல்நோய்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. இத்துறையில் சொல்வளம் மிகுதி. சித்த மருத்துவச் சொற்களைத் திரட்டிய டி. வி. சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதியே அதற்குச் சான்று. எனவே இங்கு ஆராயத்தக்கது, இருக்கும் சொற்கள் எவற்றையெல்லாம் ஒருசேரச் சுட்டுகின்றன என்பதேயாகும்.

உருவத்தால் பெயரிடுதல்

சொறி என்பது சொறிதலாகிய வினையால் அமைந்த பெயர். படர்தாமரை, வட்டமாகப் படரும் தன்மையால் வந்த பெயர். கொப்புளம், வெடிப்பு, தடிப்பு போன்றவையும் தோற்றத்தையே சுட்டுகின்றன. நோயின் காரணம் அறியப்படாத காலத்தில் தோற்றமே அடையாளம். தோல் வெளித்தெரியும் உறுப்பாதலின் இம்முறை தோல்நோய்க்கு இயல்பாகவும் பொருந்தியது. ஆனால் ஒத்த தோற்றம் ஒத்த காரணத்தைக் காட்டுவதில்லை. இவ்வேறுபாடு பெயரில் பதிவாகாதபோது, ஒரு நோய்க்குரிய அச்சம் மற்றொரு நோயின்மீது ஏறிவிடுகிறது.

குட்டம்: சுருங்கிய சொல்லும் எஞ்சிய தொடரும்

குஷ்டம் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவமே குட்டம். ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் இதனைப் பல்வகைத் தோல்நோய்களுக்கான பொதுப்பெயராகக் கொண்டு, பதினெட்டு வகைகளாகப் பகுத்தன. அவ்வகைப்பாட்டில் வெண்குட்டம் என்பதற்கு ‘வெண்மை நிறம் தோன்றும் தோல்நோய்’ என்பதே பொருள்.

1873-இல் நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன், தொழுநோயை உண்டாக்கும் நுண்கிருமியைக் கண்டறிந்தார். தற்கால மருத்துவத்தில் தொழுநோய் தனித்த தொற்றுநோயாக வரையறுக்கப்பட்டது. பொதுவழக்கில் குட்டம் என்னும் சொல்லும் அந்நோய்க்கே உரியதாகச் சுருங்கியது. ஆயினும் வெண்குட்டம் என்னும் தொடர் மாறாமல் எஞ்சியது. தனிச்சொல் சிறப்புப்பொருள் பெற்றபின், தொடரைக் கேட்பவர் அதனை ‘வெண்ணிறத் தொழுநோய்’ என்றே கொள்வர்.

உண்மையில் இவ்விரு நோய்களுக்கும் தொடர்பில்லை. தொழுநோய் நரம்புகளையும் தோலையும் தாக்கும் தொற்றுநோய். கூட்டு மருந்துச் சிகிச்சையால் குணமாவது. வெண்குட்டம் எனப்பட்டதோ தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் அழிவதால் தோன்றுவது; எவருக்கும் தொற்றாதது. ஆயினும் பெயரின் வழியே தொழுநோய்க்குரிய சமூக விலக்கம் இதற்கும் உரியதாயிற்று. அவ்விலக்கம் சட்டத்திலும் இடம்பெற்றிருந்தது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப்பிரிவுகள் இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வாயிலாகவே நீக்கப்பட்டன. அத்தகைய நோயின் பெயரைத் தொற்றாத ஒரு நிறமாற்றம் சுமந்து நின்றது. வெண்புள்ளி என்னும் மாற்றுப்பெயர் தமிழ்நாட்டில் ஏற்கப்பட்டமையை இப்பின்புலத்தில் வைத்தே மதிப்பிடுதல் வேண்டும். இது மங்கல வழக்கு அன்று. வகைப்பாட்டுப் பிழையின் திருத்தம்.

படை: தலைச்சொல்லின் சுமை

படை என்பது பொதுவழக்கில் பூஞ்சையால் வரும் தொற்றையே முதலில் நினைவூட்டுகிறது. காளாஞ்சகப்படை என்னும் சித்த மருத்துவப் பெயரோ, நோயெதிர்ப்பாற்றலின் பிறழ்வால் மேல்தோல் உயிரணுக்கள் மிகவிரைவாகப் பெருகிச் செதிலாக உதிரும் நோயைச் சுட்டுகிறது. முன்னது தொடுதலால் பிறருக்கு வரும், பின்னது வாராது. சித்த மருத்துவர்க்கு முன்னொட்டு வேறுபடுத்திக் காட்டும். பொதுமக்கள் காதிலோ படை என்னும் தலைச்சொல்லே விழுகிறது.

புற்று: பொருந்திய உருவகம்

கிரேக்க மருத்துவ மரபு இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டது. இலத்தீன் மொழி அதனை மொழிபெயர்த்துக்கொண்டது. மலையாளம் அர்புதம் என்னும் வடசொல் மரபை ஏற்றது. தமிழோ கறையான் புற்றை உருவகமாக்கியது. மண்மேல் தெரியும் மேட்டைவிட மண்ணுக்குள் மறைந்த அறைகளும் வழிகளும் மிகுதி. மேலே தெரிவதைக் கொண்டு உள்ளிருப்பதை அளக்கவியலாது என்னும் மருத்துவ உண்மையை இச்சொல் இயல்பாகவே உணர்த்துகிறது. எனவே புற்று என்பதை மாற்ற வேண்டிய தேவையில்லை. அதனைச் சூழ்ந்துள்ள சொற்களே தெளிவு பெறவேண்டும்.

கட்டியும் பரவுதலும்

சீழ்க்கட்டி, கொழுப்புக்கட்டி, புற்றுக்கட்டி ஆகிய மூன்றையும் கட்டி என்றே வழங்குகிறோம். பழுத்து உடையும் சீழ்க்கட்டியே மக்களுக்கு நன்கு பழகியது. ஆதலின் வலியே கட்டியின் தீமைக்கு அளவுகோலாகிறது. புற்றுக்கட்டி தொடக்கத்தில் வலியின்றி இருப்பது பொதுவாகலின், இவ்வளவுகோல் நோயாளரைக் காலந்தாழ்த்தச் செய்யக்கூடியது.

இதனினும் கடுமையான மயக்கம் பரவுதல் என்னும் வினையில் உள்ளது. ‘காய்ச்சல் ஊரெங்கும் பரவுகிறது’, ‘புற்று நுரையீரலுக்குப் பரவியுள்ளது’ என்னும் இரு தொடர்களிலும் வினை ஒன்றே. முதல் தொடரில் நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்கிறது; இரண்டாம் தொடரில் ஒரே உடலுக்குள் நகர்கிறது. ‘பரவும் நோய்’ என்று கேட்ட குடும்பத்தார் நோயாளரின் தட்டையும் குவளையையும் ஒதுக்கிவைக்க இச்சொல்லே போதுமானது. கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணமாகும் பாப்பிலோமா தீநுண்மி தொற்றக்கூடியது என்பது உண்மை. ஆனால் தொற்றுவது தீநுண்மியே, புற்று அன்று. இந்நுட்பத்தை விளக்கவும் இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன.

உடலுக்குள் நிகழும் பரவலும் ஒருதன்மைத்தன்று. தோல் புற்றுகளுள் அடித்தள உயிரணுப் புற்று அருகிலுள்ள திசுவை அரித்துச் செல்லும். தொலைவிலுள்ள உறுப்புக்குச் செல்வது மிக அரிது. நிறமி உயிரணுக்களில் தோன்றும் கரும்புற்றோ நிணநீர், குருதி வழியே தொலைவிலுள்ள உறுப்புகளை அடையவல்லது. இரண்டையும் பரவுதல் என்றே கூறினால், நோயின் கடுமையில் உள்ள பெருவேறுபாடு மறைந்துவிடும்.

ஆகவே மூன்று சொற்களை வரையறுத்து வழங்கலாம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்வது தொற்று. அருகிலுள்ள திசுவுக்குள் நுழைவது ஊடுருவல். தொலைவிலுள்ள உறுப்பில் சென்று வளர்வது இடம்பெயர்வு. இவை புதுச்சொற்கள் அல்ல, பொதுவழக்கில் உள்ளவையே. எல்லை வகுத்தல் ஒன்றே இங்குச் செய்யவேண்டிய பணி.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: தோல்நோய்ப் பெயர்களில் தலைச்சொல் பொருள் சுருங்கும்போது, அதனைக் கொண்ட தொடர்களையும் மறுஆய்வு செய்தல் வேண்டும். தொற்றும் நோயையும் தொற்றாத நோயையும் ஒரே தலைச்சொல்லால் வழங்கும்போது, தொற்றாமையை விளக்கத்தில் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். புற்றுநோய் பற்றிய தமிழ் விளக்கங்களில் தொற்று, ஊடுருவல், இடம்பெயர்வு ஆகியவை வேறுபடுத்தப்படுதல் வேண்டும். ஒரு கலைச்சொல்லின் தகுதியை அதன் தூய்மையாலோ சுருக்கத்தாலோ மட்டும் அளவிடுதல் போதாது. அச்சொல்லைக் கேட்கும் நோயாளரும் அவர்தம் குடும்பத்தாரும் அதனை எவ்வாறு பொருள்கொள்கின்றனர் என்பதையும் அளவுகோலாகக் கொள்ளும்போதே கலைச்சொல்லாய்வு முழுமை பெறும்.