அறுந்த கம்பியும் பேச வேண்டும்

இயக்கும் பொத்தான் பச்சை. நிறுத்தும் பொத்தான் சிவப்பு. பட்டறைப் பக்கம் ஒருநாள் எட்டிப் பார்த்தவரும் இதை அறிவர். ஆயினும் அவ்விரண்டையும் பலகையிலிருந்து கழற்றி முதுகுப்புறத்தைத் திருப்பிப் பார்த்தவர்க்கே ஒரு புதுமை புலப்படும். பச்சைப் பொத்தானின் தொடுப்பு எப்போதும் திறந்தே கிடக்கிறது; அழுத்தும் நொடியில் மட்டும் மூடுகிறது. சிவப்புப் பொத்தானின் தொடுப்போ எப்போதும் மூடியே கிடக்கிறது, அழுத்தினால்தான் திறக்கிறது. ஆகவே இயந்திரம் ஓடும் நேரமெல்லாம், நிறுத்தும் பொத்தானின் வழியே மின்னோட்டம் ஓயாமல் பாய்ந்துகொண்டிருக்கிறது. நாளுக்கு ஓரிரு முறையே வேலை செய்யும் பொத்தானுக்கு ஏன் இந்த இடைவிடாப் பணி?

பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரியில் தொழிலக மின்னணுவியல் பயிலப் புகும் மாணவர்க்குத் தொடக்கத்திலேயே எழ வேண்டிய வினா இது. விடையை ஒரு வரியில் கூறிவிடலாம். அதன் ஆழத்தை அளந்தறியவோ மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு முழுதும் தேவைப்படும். தானே இயங்கும் ஆலைக்குள் மனிதர் அச்சமின்றி நடமாட முடிவது அந்த விடையால்தான்.

மறதியே காவல்

மாணவர் முதலில் கட்டிப் பழகுவது மும்முனைத் தூண்டல் மின்னோடி ஒன்றை இயக்கி நிறுத்தும் சுற்று. பட்டறையில் கான்டாக்டர் என வழங்கும் மின்காந்தச் சொடுக்கியே அச்சுற்றின் நடுநாயகம். அதனுள் ஒரு கம்பிச்சுருள். அதன் முனைகளின் பெயர் ஏ1, ஏ2. சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் அது காந்தமாகி இரும்புத் துண்டு ஒன்றை இழுக்கிறது. மூன்று பெருந்தொடுப்புகள் மூடி, மின்னோடிக்கு 415 வோல்ட் மின்சாரம் செல்கிறது. உடன் மூடும் சிறு தொடுப்பு ஒன்றும் பக்கத்தில் உண்டு. அதன் எண்கள் 13, 14. இதைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாகக் கட்டிவிட்டால், விரலை எடுத்த பின்னும் சுருள் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தன் தொடுப்பின் வழியாகவே பெற்றுக்கொள்ளும். இதுவே பிடிப்புச் சுற்று.

சிவப்புப் பொத்தானும், மிகைச்சுமைக் காப்பின் 95, 96 எண்ணுள்ள மூடிய தொடுப்பும் இச்சுருளோடு ஒரே தொடரில் நிற்கின்றன. தொடரில் எங்கே அறுந்தாலும் சுருள் விட்டுவிடும். ஆலையில் கம்பி அறுவது அரிய நிகழ்வன்று. அதிர்வில் திருகு தளரும், எண்ணெய் பட்டு மேலுறை வெடிக்கும், எலியும் கடிக்கும். நிறுத்தும் பொத்தான் திறந்த தொடுப்பாக இருந்திருப்பின், அதன் கம்பி அறுந்தது ஒருவர்க்கும் தெரியாது. எந்நாளில் ஒருவர் உயிருக்கு அஞ்சி அதை அழுத்துகிறாரோ அந்நாளில்தான் தெரியும். மூடிய தொடுப்பாயின், அறுந்த அக்கணமே இயந்திரம் நின்று தன் குறையைத் தானே அறிவிக்கும். உற்பத்தி தடைப்படும்; மேற்பார்வையாளர் கடிந்துகொள்வார்; ஆனால் ஒருவர் கை தப்பும்.

மின்வெட்டிலும் இச்சுற்று இவ்வாறே நடந்துகொள்கிறது. மின்சாரம் போனதும் சுருள் விடுகிறது. மின்சாரம் திரும்பினாலும், தான் முன்பு ஓடிக்கொண்டிருந்ததைச் சுற்று நினைவில் வைத்திருப்பதில்லை. மீண்டும் ஒருவர் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மின்னோடி அசையாது. அறுவை வாளில் சிக்கிய சக்கையை எடுக்க, தலைமைச் சொடுக்கியை அணைத்துப் பூட்டாமல் கையை உள்ளே விடுவது பெருந்தவறு. அத்தவற்றைச் செய்தவரின் விரல்களையும் காப்பது இந்த மறதி.

ஏணியில் ஏறும் குழப்பம்

இத்தகைய சுற்றுகள் நூற்றுக்கணக்கில் பின்னிக் கிடந்த காலம் ஒன்றுண்டு. சீருந்து ஆலைகளில் சுவர் நீளத்துக்கு ரிலேப் பெட்டிகள் நின்றன. உந்தின் மாதிரி மாறினால் கம்பிகளையெல்லாம் பிரித்து மீளக் கட்ட வேண்டும். 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, இவற்றுக்கு மாற்றாக நிரலால் மாற்றத்தக்க மின்னணுக் கருவி வேண்டுமென்றது. டிக் மோர்லியும் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் குழுவினரும் ஆக்கிய கருவிக்கு ‘மோடிகான் 084’ என்று பெயர். அக்குழுவின் 84ஆம் பணி என்பதால் அவ்வெண். நிரல்வழி ஏரணக் கட்டுப்படுத்தி, அதாவது பட்டறை வழக்கில் பி.எல்.சி., இவ்வாறு பிறந்தது. மின்பணியாளர் பழகிய ரிலேப் படத்தையே நிரல் மொழியாக வைத்துக்கொண்டதால் அது விரைவில் வேரூன்றியது. இரு நெடுங்கோடுகளுக்கிடையே படிபடியாகத் தொடுப்புகள் அமைவதால் அதற்கு ஏணிப்படம் என்று பெயர்.

பி.எல்.சி. செய்வது மூன்றே பணி. உள்ளீடுகளைப் படிக்கும், நிரலை மேற்படியிலிருந்து கீழ்ப்படி வரை ஒருமுறை ஓட்டும், முடிவுகளை வெளியீடுகளில் எழுதும். சில மில்லிநொடிகளில் இச்சுற்று முடிந்து மறுசுற்று தொடங்கும். நிரல் எங்கேனும் சிக்கி உரிய நேரத்தில் சுற்று முடியாவிட்டால், உள்ளே இருக்கும் காவற்கடிகை ஒன்று கட்டுப்படுத்தியையே நிறுத்தி வெளியீடுகளை அணைத்துவிடும். கம்பிக்குச் சொன்ன அறம் மூளைக்கும் பொருந்துகிறது: குறித்த நேரத்தில் குரல் வராவிடின் கேடு நேர்ந்ததெனக் கொள்.

இங்கேதான் மாணவர் பலரும் ஒருமுறை வழுக்கி விழுவர். சிவப்புப் பொத்தான் மூடிய தொடுப்புடையது. ஆகையால் ஏணிப்படத்திலும் மூடிய தொடுப்பின் குறியை இடுவர். பச்சைப் பொத்தானை அழுத்துவர், மின்னோடி அசையாது. காரணம் எளிது. பொத்தான் மூடியிருப்பதால் உள்ளீட்டில் எப்போதும் 24 வோல்ட் உண்டு. நிரலின் பார்வையில் அது ஒன்று. மூடிய தொடுப்பின் குறி, ஒன்றைக் கண்டால் வழியை அடைக்கும். இட வேண்டியது திறந்த தொடுப்பின் குறி. அது ஒன்றைக் கண்டு வழிவிடும், சுழியத்தைக் கண்டு மறிக்கும்.

குழம்பிய மாணவர்க்கு ஒரு குறுக்குவழி கண்ணிற் படும். நிரலைத் தொடாமல் பொத்தானின் பின்னால் உள்ள கம்பியைத் திறந்த தொடுப்புக்கு மாற்றிவிட்டால் போதும். மின்னோடி ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கவும் செய்யும். பார்ப்பவர்க்கு இரு சுற்றுகளுக்கும் வேறுபாடு தெரியாது. நல்ல ஆசிரியர் அப்போது பேசாமல் வந்து, பொத்தானின் கம்பி ஒன்றைக் கழற்றிவிட்டு, “இப்போது நிறுத்து, தம்பி” என்பார். மாணவன் அழுத்திக்கொண்டே இருப்பான். மின்னோடி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பாடவேளை விரிவுரை அந்த அரை நிமிடத்துக்கு ஈடாகாது.

உயிருள்ள சுழியம்

பொத்தான் ‘உண்டு, இல்லை’ என்னும் இரு சொற்களையே அறியும். வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் போன்றவை அளவாலே பேசுபவை. அவற்றை உணரியிலிருந்து கட்டுப்பாட்டறைக்குக் கொண்டுசெல்லும் மின்னோட்டத்துக்கு உலகெங்கும் ஒரே வழக்கு: 4 முதல் 20 மில்லி ஆம்பியர். வரிசைச் சுற்றில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே. கம்பி நூறு மீட்டர் நீண்டாலும் அளவு திரியாது. மறுமுனையில் 250 ஓம் தடை ஒன்றை வைத்தால் 1 முதல் 5 வோல்ட் வரை அளந்துகொள்ளலாம்.

சுழியத்திலிருந்து தொடங்காமல் நான்கிலிருந்து தொடங்குவானேன்? 0 முதல் 400 பாகை வரை அளக்கும் உலை ஒன்றைக் கொள்வோம். 4 மில்லி ஆம்பியர் என்றால் 0 பாகை. 12 என்றால் 200. 20 என்றால் 400. அளவுகோல் சுழியத்தில் தொடங்கியிருப்பின், கம்பி அறுந்ததும் கட்டுப்படுத்தி ‘0 பாகை’ என்று படிக்கும். உலை குளிர்ந்து கிடக்கிறதென்று எண்ணி, சூடேற்றியை முழுவலிமையோடு முடுக்கும், உலை அழியும். நான்கில் தொடங்கினாலோ, மெய்யான 0 பாகைக்கும் அறுந்த கம்பிக்கும் வேறுபாடு உண்டு. முன்னதற்கு 4, பின்னதற்கு ஒன்றுமில்லை. பொறிஞர் இதனை உயிருள்ள சுழியம் என்பர். மின்னணுவியலுக்கு முன்னரே இவ்வறிவு தோன்றிவிட்டது: காற்றழுத்தத்தால் அளவு சொன்ன பழைய கருவிகளும் சதுர அங்குலத்துக்கு 3 முதல் 15 பவுண்டு என்னும் வரம்பில் இயங்கின, குழாய் பிளந்தால் முள் மூன்றுக்குக் கீழே விழும்.

வாயில் மூடும் திரிதடையம்

மின்னோடியின் விரைவை ஆள்வது அடுத்த பாடம். நான்கு முனைத் தூண்டல் மின்னோடியில் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும்; 25 ஹெர்ட்ஸ் தந்தால் 750 முறை. அதிர்வெண்ணைக் குறைக்கையில் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். 415ஐ 50ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். இவ்வேலையைச் செய்யும் அதிர்வெண் மாற்றியைப் பட்டறையில் டிரைவ் என்பர். வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, பெரிய மின்தேக்கிகளில் தேக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை நறுக்கி, வேண்டிய அதிர்வெண்ணில் அலையாக மீட்டுத் தருவது அதன் தொழில்.

நறுக்கும் கத்தியின் வரலாறு சுவையானது. 1957இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவான தைரிஸ்டரை, வாயில் என்னும் முனையில் தரும் ஒரு சிறு துடிப்பால் இயக்கிவிடலாம். ஆனால் அதே வாயிலால் அணைக்க முடியாது. தன் வழியே ஓடும் மின்னோட்டம் தானே சுழியத்தை நெருங்கும்வரை அது விடாது. நேர்மின்னோட்டத்தில் அதை அணைக்கத் தனிச் சுற்றே வேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில், அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஜெயந்த் பாலிகா, ஐ.ஜி.பி.டி. எனப்படும் காப்பிட்ட வாயில் இருமுனைத் திரிதடையத்துக்கு வழிகண்டார். அவர் 1948இல் சென்னையில் பிறந்தவர். 1969இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். அவர் வடித்த திரிதடையம், வாயிலில் மின்னழுத்தம் இருக்கும்வரையே வழிவிடும். அது நீங்கினால் மூடிக்கொள்ளும். இன்றைய டிரைவ்களில் அவசர நிறுத்தம் வாயிலுக்கான குறிகளையே துண்டித்து மின்னோடியின் முறுக்குவிசையைப் பறித்துவிட முடிவது இப்பண்பால்தான்.

பொய்யுரைக்கும் அமைதி

இதுகாறும் அமைதியைக் கேட்டின் குறியாகக் கொண்டோம். டிரைவ் அதற்கு மாறான பாடம் ஒன்றையும் புகட்டுகிறது. மின்சாரத்தை அணைத்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் 580 வோல்ட்டுக்கு நெருக்கமான மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். ஒலி இல்லை, ஒளி இல்லை. உயிரைப் பறிக்கும் வலிமை மட்டும் உண்டு. ஆகவே மூடியில் குறித்த நேரம் காத்திருந்து, அளவியால் அளந்த பின்னரே கைவைக்க வேண்டும். அளவியும் பழுதாகலாம். எனவே மின்சாரம் உள்ள இடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு இங்கே அளந்து, மறுபடியும் அங்கே வைத்துப் பார்த்த பின்னர்தான் ‘இங்கே மின்சாரமில்லை’ என்று அளவி கூறுவதை நம்பலாம்.

இதேபோல் ‘நலம்’ என்னும் குரலும் பொய்யாகலாம். கான்டாக்டரின் தொடுப்புகள் மிகுமின்னோட்டத்தில் உருகி ஒட்டிக்கொண்டால், சுருள் விட்டபின்னும் மின்னோடி ஓடும். ஆகவே இடர்மிக்க இயந்திரங்களில் ஒரு சாட்சி போதாது. அவசர நிறுத்தத்துக்கு இரு தொடுப்புகள், இரு கம்பித் தடங்கள், வரிசையில் இரு கான்டாக்டர்கள். இரண்டும் உண்மையில் விட்டனவா என்று பார்க்கும் மூடிய துணைத்தொடுப்புகள். ஒன்று ஒட்டிக்கொண்டால் மற்றது நிறுத்தும். அடுத்த முறை இயந்திரம் தொடங்கவே தொடங்காது.

தகடு வெட்டும் அழுத்தப் பொறியில் இதன் கூர்மையைக் காணலாம். பணியாளர் இரு கைகளாலும் இரு பொத்தான்களை அழுத்தினால்தான் அச்சு இறங்கும். அப்போது இரு கைகளும் அச்சுக்கு வெளியே இருப்பது உறுதி. வேலையை விரைவாக்க ஒரு பொத்தானைத் துணியால் கட்டிவைத்தால்? இரண்டும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுத்தப்பட வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் இரண்டும் விடப்பட வேண்டும் என்பது விதி. மாறாது ஒலிக்கும் ‘ஆம்’ என்னும் குரலைப் பொறி ஏற்பதில்லை.

நிற்பதே நலமா?

‘ஐயம் வந்தால் நிறுத்து’ என்பதையும் வாய்ப்பாடாக்கிவிட முடியாது. இரும்புக் கழிவைத் தூக்கிச் செல்லும் மின்காந்தம் மின்சாரத்தை இழந்தால் சுமை தலைமேல் விழும். ஆகவே அதற்கு மின்கல அடுக்கின் துணை வேண்டும். பாரந்தூக்கியின் தடையை வில்சுருள் இறுக்குகிறது, மின்சாரம் விடுவிக்கிறது. மின்சாரம் போனால் சுமை வானில் நிற்கும். உலைக்கு நீர் தரும் குளிர்விப்பு எக்கியோ நின்றால்தான் கேடு. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் கேடற்ற நிலை எது என்பதை முதலில் உசாவி, கம்பியின் அமைதி அந்நிலைக்கே இட்டுச்செல்லுமாறு சுற்றை அமைக்க வேண்டும். எந்த நிரலும் இதைத் தானாக முடிவு செய்யாது. உலையருகே நிற்பவரையும் அச்சின்கீழ் கைநீட்டுபவரையும் மனக்கண்ணில் கண்டு முடிவெடுப்பது பொறிஞரின் கடன்.

செய்முறைத் தேர்வு நாள். மாணவர் கட்டிய சுற்று நன்றாக ஓடுகிறது. பச்சை விளக்கு எரிகிறது. தேர்வாளர் அதைக் கண்டு தலையசைத்துவிட்டு, திருப்புளியால் ஒரு திருகைத் தளர்த்தி ஒரு கம்பியை உருவுகிறார். கான்டாக்டர் ‘டக்’கென்று விடுகிறது, மின்னோடி மெல்லச் சுழன்று ஓய்கிறது. உயர்ந்த மதிப்பெண் அந்த ஓய்வுக்குத்தான்.