பெட்டியில் வந்த மிதிவண்டி

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் ஊர்களில் ஒரு குடும்பம் மிதிவண்டி வாங்குவதென்பது எளிதில் நடந்துவிடும் காரியமன்று. மாதக்கணக்கில் பணம் சேர்ப்பார்கள். 1949-இல் தோன்றிய அம்பத்தூர் டி.ஐ. நிறுவனத்தின் ஹெர்குலிஸா, பி.எஸ்.ஏ.வா, அல்லது லூதியானாவின் ஹீரோவா என்று வீட்டில் நெடிய ஆலோசனை நடக்கும். தந்தை கடைத் திண்ணையில் அமர்ந்திருக்க, மெக்கானிக் ஒவ்வொரு பாகமாகப் பூட்டுவார். சக்கரத்தில் கோட்டம் எடுத்து, பிரேக்கைச் சரிபார்த்து, தாமே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பின்னரே வண்டியை ஒப்படைப்பார். அவ்வண்டியில் எட்டாத காலுக்குக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறை நம்முடையது.

இன்று அந்த வண்டி கைப்பேசித் திரையில் தெரிகிறது. விரல் தொட்டால் ஒரு வாரத்தில் அட்டைப் பெட்டியில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆனால் திண்ணையருகே அமர்ந்து பூட்டிக்கொடுத்த மெக்கானிக் அப்பெட்டிக்குள் வருவதில்லை. அவருடைய வேலை நம் கைக்கு வந்து சேர்கிறது. இதனை நாங்கள் சிறிது வருந்தியே கற்றுக்கொண்டோம். மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று அதனை இங்கே எழுதுகிறோம்.

தேவை எழுந்த விதம்

எங்கள் இல்லம் திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டியுள்ளது. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். பள்ளி நாள்களில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி துருவேறி ஓய்ந்துவிட்டது. நாள்தோறும் ஷேர் ஆட்டோவுக்குச் செலவிடுவதை அவள் விரும்பவில்லை. மேலும், கார்த்திகைத் தீபம் நெருங்கினால் இவ்வூரில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் நகரின் விளிம்பில் அமைக்கப்படும். பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மனிதக் கடலாகிவிடும். அத்தகைய நாள்களில் சந்துபொந்துகளில் நுழைந்து செல்ல மிதிவண்டியே துணை.

அவள் விரும்பியது ‘ஹைபிரிட்’ எனப்படும் கலப்பு வகை வண்டி. பந்தய வண்டியின் மெல்லிய பெரிய சக்கரமும், மலை வண்டியின் நேரான ஹேண்டில்பாரும் இதில் இணைந்திருக்கும். நிமிர்ந்து அமரலாம், பழைய கறுப்பு வண்டியைவிட எடை குறைவு, மிதிப்பதும் எளிது. நாங்கள் தேர்ந்த வண்டியின் விலை ரூ. 9,800.

விலையில் அடங்காதவை

முதற்பாடம் விலையிலேயே கிடைத்தது. அதில் மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, மணியும் பூட்டும் இல்லை. அவற்றுக்கென மேலும் ரூ. 1,600 செலவாயிற்று. ஆகவே, வாங்குவதற்கு முன் ‘என்னென்ன உள்ளன’ என்ற பட்டியலை வரிவரியாகப் படித்தல் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிகளுக்கான சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பழைய விலைக்கும் புதிய விலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தல் நன்று.

அளவு இரண்டாவது செய்தி. வண்டியின் மேற்குழாயின் இருபுறமும் காலூன்றி நின்றால், குழாய்க்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியாவது இருத்தல் வேண்டும். கடையில் நின்று பார்த்து அறிவதை, இங்கே அளவுநாடாவால் அறிய வேண்டியுள்ளது. வெறுங்காலுடன் நின்று, உட்காலின் நீளத்தை அளந்து, விற்பனையாளர் தரும் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, கியர். எங்கள் ஊர்த் தெருக்கள் பெரும்பாலும் சமதளம். 21 கியர்கள் இங்கே அழகுக்கே பயன்படும். பழுதானால் செலவு வைக்கும். மிகக் குறைந்த விலையில் வரும் டிஸ்க் பிரேக்கைவிட, ரிம்மைப் பிடிக்கும் எளிய பிரேக்கை எந்தத் தெருமுனைக் கடையிலும் சரிசெய்யலாம். எனவே கியர் இல்லாத, எளிய பிரேக் உள்ள வண்டியையே தேர்ந்தோம்.

டயரிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய பெரிய வண்டியின் சக்கரத்தையும், ‘700சி’ எனக் குறிக்கப்படும் இவ்வகைச் சக்கரத்தையும் பேச்சில் ‘28 இஞ்ச்’ என்றே சொல்வதுண்டு. ஆனால் முன்னதன் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர்; பின்னதன் விட்டம் 622 மில்லிமீட்டர். ஒன்றன் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு கடைக்குச் செல்லவேண்டும்.

இடப்பக்கத்துப் பெடல்

பெட்டி ஒரு சனிக்கிழமை வந்தது. பின்சக்கரமும் செயினும் பொருத்தப்பட்டே இருந்தன. முன்சக்கரம், ஹேண்டில்பார், சீட்டு, பெடல்கள் ஆகியவற்றை மட்டும் பூட்டவேண்டியிருந்தது. உடன் வந்த விளக்கத்தாளை ஓரமாக வைத்தோம். “சைக்கிள்தானே! நமக்குத் தெரியாததா?” என்ற எண்ணம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. இடப்பக்கத்துப் பெடல் மட்டும் ஏறவில்லை. ஸ்பேனரைப் போட்டு வலிமையாகத் திருகினோம், கரகரவென்று ஏறியது. அந்த ஓசையே எச்சரிக்கை என்பதை அன்று உணரவில்லை.

நான்காம் நாள் காலை, இரமணாசிரமத்தைத் தாண்டிச் சென்றுகொண்டிருந்தபோது அப்பெடல் கழன்று விழுந்தது. மகளின் முழு எடையும் அதன்மீது இருந்த வேளை அது. தடுமாறிச் சாலையில் விழுந்தாள். பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் விழிப்புடன் நிறுத்தினார். முழங்காலிலும் உள்ளங்கையிலும் சிராய்ப்போடு போயிற்று. “அப்பா, பயப்படாதீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. பெடல்தான் கழன்றுவிட்டது,” என்று அவளே தொலைபேசியில் ஆறுதல் கூறினாள். ஓடிச் சென்ற எங்களுக்கு அந்தப் பேருந்து நின்ற தொலைவைப் பார்த்தபோதுதான் கைகால் நடுங்கியது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பழைய சைக்கிள் கடைக்குச் சென்றோம். முதிய மெக்கானிக் கிராங்கைத் துடைத்துப் பார்த்தார். “யார் சார் இதைப் பூட்டியது?” என்றார். நாங்கள் பதில் சொல்லத் தயங்கியதிலேயே அவருக்கு விடை கிடைத்துவிட்டது. “மறை முழுவதும் போய்விட்டது, சார். இடப்பக்கத்துப் பெடலுக்கு இடது மறை. வலப்பக்கம் மாதிரித் திருகினால் இப்படித்தான் ஆகும்.”

காரணத்தையும் அவரே விளக்கினார். மிதிக்கும்போது உண்டாகும் அழுத்தம் பெடலின் அச்சைச் சிறிது சிறிதாகச் சுழற்றப் பார்க்கும். இரு பக்கமும் ஒரே மறையாக இருந்தால், இடப்பக்கத்துப் பெடல் ஓட்ட ஓட்டத் தளர்ந்துவிடும். அதனைத் தடுக்கவே மறை மாற்றி அமைக்கப்பட்டுள்ளது. பெடல் அச்சின் முனையில் வலம், இடம் என்பதற்கான ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். நினைவில் கொள்ள எளிய வழி: ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, வண்டியின் முன்பக்கம் நோக்கித் தள்ளினால் இரண்டு பெடல்களும் இறுகும்.

புதிய கிராங்குக்கும் கூலிக்குமாக ரூ. 450 ஆயிற்று. எங்கள் அலட்சியம் கேட்டிருக்கக்கூடிய விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது.

பூட்டுவோர் கவனத்திற்கு

அன்று அவர் வண்டியை முழுதாகப் பிரித்துப் பூட்டியபடியே சொன்னவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

முன் ஃபோர்க் பின்புறமாகத் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டியில் அடைப்பதற்காக அதனைத் திருப்பி வைத்திருப்பார்கள். அப்படியே பூட்டிவிடுவோர் பலர். முன்பிரேக் வண்டியின் முன்பக்கம் அமைந்திருப்பதே சரியான நிலை.

சீட்டுக் குழாயில் ஓர் எல்லைக்கோடு இருக்கும். அக்கோடு வெளியே தெரியுமளவு சீட்டை உயர்த்தலாகாது. பெடல் அடியில் இருக்கும்போது, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அதுவே சரியான உயரம்.

முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கிடையே இறுகப் பிடித்து, ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். அது தனியே திரும்பினால் போல்ட் இறுகவில்லை என்பது பொருள். பின்னர் இரு பிரேக்குகளையும் அழுத்திக்கொண்டு வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள், நகரக்கூடாது.

காற்றின் அளவு டயரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் மோட்டார் சைக்கிளுக்குரிய வால்வே உள்ளது. வால்டியூப் போட்ட பழைய வால்வுக்குரிய பம்பு இதற்குச் சேராது.

இரண்டு வாரம் ஓட்டிய பின்னர் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். புதிய வண்டியில் பிரேக் கம்பி இளகும், ஸ்போக்குகளும் தளரும்.

பெட்டி சேதமுற்று வந்தால், பிரிப்பதற்கு முன்னரே படம் எடுத்துவையுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையவழி விற்போரின் குறைதீர் அலுவலர் நம் புகாரைப் பெற்றதற்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தரவேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்களைப் பொறுத்தவரை தவறு விற்றவருடையதன்று; படிக்காமல் ஒதுக்கிய தாளில் ‘இடது மறை’ பற்றிய குறிப்பு படத்துடனேயே இருந்தது.

ஒரு வேண்டுகோள்

வண்டியை எங்கே வாங்கினாலும், முதல் ஓட்டத்திற்கு முன் அதனை ஊர் மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வாடகைச் சைக்கிளும் ஓவராயிலிங்கும் நிறைந்திருந்த அக்கடைகள் பல இன்று ஓய்ந்து கிடக்கின்றன. விற்பனை நம் கைப்பேசிக்குப் போய்விட்டது. பழுது மட்டும் அவர்களிடம் வருகிறது. இணையத்தில் மிச்சமான தொகையில் ஒரு பங்கு அவர்களுக்குச் சேர்வது நியாயமே. பங்கில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், ஆலன் கீ தொகுதி, நல்ல பம்பு ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்துக்கொள்வதும் நலம்.

எங்கள் மகள் மறுவாரமே மீண்டும் வண்டியில் ஏறினாள். இப்போது ஞாயிறுதோறும் மாலையில் ஸ்பேனரை எடுத்து இரு பெடல்களையும் அவளே சோதித்துப் பார்க்கிறாள். நாங்கள் அருகில் அமர்ந்து விளக்கத்தாளைப் படித்துக் காட்டுகிறோம்.