ஓடாத இலத்திரனும் தடையற்ற ஓட்டமும்

தமிழாசிரியர் விஞ்ஞானம் உரைப்பதா என அன்பர் சிலர் வினவக்கூடும். விளங்கியதைத் தமிழிற் கூறுதல் எம் கடனாதலின் துணிந்தோம்.

1911ஆம் ஆண்டில், ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரிலே, காமர்லிங் ஒன்னெஸ் என்பார் இரசத்தைக் கடுங்குளிரூட்டினார். ஏறக்குறைய 4.2 கெல்வினில் அதன் மின்தடை முற்றாக மறைந்தது. இதுவே மீகடத்தல். இலத்திரன்கள் இணையிணையாகச் சேர்ந்து ஒருங்கே இயங்குதலே இதன் காரணமென 1957இல் பார்டீன், கூப்பர், சிறீபர் என்னும் மூவர் விளக்கினர்.

இனிப் புதிய செய்திக்கு வருவோம். பென்சிலிலுள்ள காரீயம், காபன் அணுத்தாள்கள் பல அடுக்கப்பெற்றது. அத்தாளொன்றே கிராபீன், அறுகோணக் கண்களையுடைய வலை போன்றது. நுளம்புவலை இரண்டை ஒன்றன்மேலொன்றாக விரித்துச் சற்றே திருப்பினால் அகன்ற கோலம் தோன்றுமன்றோ? கிராபீன் தாள் இரண்டை ஏறக்குறைய 1.1 பாகை திருப்பினால், அணுவலையின் கண்ணினும் 50 மடங்களவு அகன்ற கோலம் தோன்றும். அப்பொழுது இலத்திரன்களின் சத்திப்பட்டை தட்டையாகும் என 2011இல் பிஸ்ரிற்சர், மக்டொனால்ட் ஆகிய இருவர் கணித்தனர்.

தட்டை என்றது யாது? சரிவில் நீர் விரைந்தோடும், சமநிலத்தில் தேங்கும். அதுபோலத் தட்டைப் பட்டையில் இலத்திரன்கள் விரைவிழக்கும். விரைந்தோடுவோர் அயலாரைப் பொருட்படுத்தார். தேங்கி நிற்போர்க்கோ அயலாரே பெரிது. ஆகவே இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளும் இயல்பே இங்கு மேலோங்கும்.

2018இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திலே யாரில்லோ-எரேரோ குழுவினர் இதனைச் செய்து கண்டனர். இலத்திரன் தொகையை ஓரளவில் நிறுத்தியபோது, மின்கடத்தவேண்டிய பொருள் காவலியாயிற்று. தொகையைச் சிறிது மாற்றியதும், 1.7 கெல்வினளவில் மீகடத்தியாயிற்று. பிறிதோரளவில் காந்தத்தன்மை உண்டாதலை 2019இல் வேறொரு குழுவினர் கண்டனர். ஒரே பட்டையின் ஆட்சிக்கு ஒழுங்குகள் பல போட்டியிடுகின்றன.

காவலிநிலை மீகடத்தலுக்குத் தாயா, பகையா? இதுவே வழக்கு. மின்கடத்தும் தாளொன்றை மிக அருகில் வைத்து அத்தள்ளுகையைத் தணித்தபோது, காவலிநிலை அழிந்தும் மீகடத்தல் நிலைத்தமையை 2020இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பகையென்போர் பக்கம் வலுத்தது. ஆயினும் தீர்ப்பு வரவில்லை.

இவ்வழக்கு வீண்வாதமன்று. 1986இல் கண்டறியப்பெற்ற செப்பு ஒட்சைட்டு மீகடத்திகளிலும் இவ்விரு நிலைகளும் அயலயலே நிற்கின்றன. அவற்றின் காரணமும் முற்றாகத் தெளியப்படவில்லை. காரணம் தெளிந்தாலன்றிக் கடுங்குளிர் வேண்டாத மீகடத்தியைத் தேடுவது இருளில் துழாவுதலே. அவ்விருளில் விளக்கேற்றும் கை நம் கல்லூரி மாணவர் ஒருவருடையதாயின், நாம் பெருமகிழ்வெய்துவோம்.