வரிசைக்கு ஒரு சான்றிதழ்

நூற்றுக்கணக்கான மாணவர்களின் பெயரும் பதிவெண்ணும் பிறந்த தேதியும் எக்செல்லில் ஏற்கெனவே இருக்க, அவற்றையே வேர்டில் மறுபடி அடித்துச் சான்றிதழ் தயாரிக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு பெயரில் எழுத்து மாறினால், திருத்தம் கேட்டு அலைய வேண்டியவர் அந்த மாணவர்தான். இந்த வேலையை நிரலிடம் ஒப்படைத்துவிடலாம்.

ஆபீஸ் 2007 முதல் வரும் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஜிப் என்று பெயர் மாற்றித் திறந்தால் படங்கள் தனியே, நாம் அடித்த வாசகம் எக்ஸ்எம்எல் குறிகளுக்கு நடுவே தனியே தெரியும். அந்தக் குறிகளின் இலக்கணம் 2006இல் எக்மா-376 என்ற பொதுத் தரமாக வெளிவந்தது. அதனால் வேர்டே இல்லாத கணினியிலும் வேர்டு கோப்பை உருவாக்க முடிகிறது.

பெயர் வரவேண்டிய இடத்தில் ஓர் அடையாளச் சொல்லை வைத்து மாதிரிக் கடிதம் ஒன்று தயாரிக்க வேண்டும். பைத்தான் மொழியில் ஓப்பன்பைஎக்செல் என்ற நூலகம் எக்செல் பட்டியலை வரிசை வரிசையாகப் படிக்கும். பைத்தான்-டாக்எக்ஸ் என்ற நூலகம் மாதிரிக் கடிதத்தின் அந்த இடங்களை நிரப்பிச் சேமிக்கும். எளிய கடிதத்துக்கு வேர்டின் மெயில் மெர்ஜ் வசதியே போதும். ஆளுக்கு ஆள் அட்டவணையின் நீளம் மாறும்போதுதான் நிரல் தன் பலத்தைக் காட்டும்.

பட்டியலைப் படிக்கும்போது எக்செல்லின் இரண்டு பழக்கங்களைக் கவனிக்க வேண்டும். எக்செல் தேதியை எண்ணாகவே வைத்திருக்கிறது: 2024 ஜனவரி 1 அதற்கு 45292. 00417 என்ற பதிவெண்ணை எண்ணாகக் கொண்டு 417 ஆக்கிவிடும். பதிவெண் உள்ள நெடுவரிசையை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட வேண்டும்.

தமிழில் எழுதுவோரைத் தடுமாற வைக்கும் சிக்கல் வேறு. டாக்எக்ஸில் ஆங்கில எழுத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ், அரபு போன்றவற்றுக்கு வேறோர் எழுத்துரு எனத் தனித்தனிக் குறிகள் உண்டு. அளவுக்கும் தடிமனுக்கும் அப்படியே. பைத்தான்-டாக்எக்ஸில் எழுத்துருப் பெயரையோ தடிமனையோ கொடுத்தால் அது ஆங்கிலக் குறியை மட்டுமே மாற்றும். அதனால்தான் தலைப்பில் ஆங்கிலம் தடித்திருக்க, தமிழ்ப் பெயர் மெலிந்தே நிற்கிறது. இரண்டாவது குறியையும் நிரலில் எழுதினால் சரியாகும்.

பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் அடித்ததா என்றும் பாருங்கள். அதில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு மாறியதும் பெயர் குப்பையாகிவிடும். யுனிகோடுக்கு மாற்றி, பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே நிரலை ஓட்ட வேண்டும்.